மாற்று வீடு கிடையாது

பூட்டித்தான் இருக்கிறது. அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது, தோன்றிய வேகத்திலேயே வெட்கமாகவும் போயிற்று, ஏனென்றால் கல்லூரியிலிருந்து வந்த ஆட்டோவைத் தெருமுனையில் விட்டு இறங்கி இந்தப் பச்சைக் கேட் வரைக்கும் முதல் நாள் வகுப்பெடுக்கப் போகும் பெண் மாதிரித்தான் நடந்து வந்திருந்தேன். ஐம்பது தாண்டிய பொம்பளை, புள்ளியியல் துறைத் தலைவி, கழுத்தில் கல்லூரி அடையாள அட்டை, கையில் அட்டையில் செருகிய கேள்வித்தாள், குடும்பங்களின் குடிநீர்ப் பயன்பாடு, இரண்டாம் ஆண்டு மாணவர் கள ஆய்வு. பார்க்கிறவர்களுக்கு வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சர் மாதிரி இருப்பேன். சொந்த அண்ணன் வீட்டு வாசலில் நிற்கிறவள் மாதிரி இருக்க மாட்டேன். இந்தக் கேட்டின் கொக்கியைக் கொஞ்சம் தூக்கி இடது பக்கம் தள்ளினால்தான் திறக்கும், நான் நினைக்காமலே கை போய்த் தூக்கித் தள்ளியது, திறந்தது, உள்ளே வாசற்கதவில் பூட்டு. பெரிய பூட்டு. கொஞ்ச நேரத்துக்குப் போயிருந்தால் சின்னப் பூட்டு போடுவாள் மதினி. இப்போதும் அப்படித்தானா என்று எனக்கு எப்படித் தெரியும், இந்த வாசலை மிதித்து எவ்வளவு காலம் ஆயிற்று, பூட்டெல்லாம் மாறியிருக்கும். தூணில் பளிங்கில் ஆறுமுகநயினார் என்று அண்ணன் பெயர் வெட்டியிருக்கிறது, அது மாறவில்லை. கேட்டை மறுபடி சாத்திவிட்டு வெளியே வந்து நின்றேன். வெயில் ஏறுகிறது. பாளையங்கோட்டை வெயில் காலையிலேயே ஆளை அளவெடுக்க ஆரம்பித்துவிடும்.

நாற்பத்தேழு. அந்த எண்ணைப் போட்டது என் மாணவி ஜெபசீலி, பாவம், அவளுக்கு என்ன தெரியும். வருஷா வருஷம் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு வார்டு முழுக்க நடந்து வீடுகளுக்கு வரிசை எண் போட்டு வருவார்கள், மாடி வீடு, பின்கட்டு வீடு, ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒற்றை அறை, எதையும் விடக்கூடாது, விட்டால் அந்த வீடு ஊரிலேயே இல்லாமல் போய்விடும் என்று பயமுறுத்தித்தான் அனுப்புவேன். பிறகு வகுப்பு மேசையில் சமவாய்ப்பு எண் அட்டவணையை விரிப்போம். பக்கம் முழுக்க எண்கள், ஒரு ஒழுங்கும் கிடையாது, ஒழுங்கு இல்லாமல் இருப்பதற்கென்றே மெனக்கெட்டுத் தயாரித்த எண்கள். ஒவ்வொருவராகக் கண்ணை மூடிப் பென்சிலை வைக்க வேண்டும், பென்சில் நுனியில் வந்த எண் எந்த வீடோ அது அவருடைய வீடு. கம்ப்யூட்டரே போட்டுத் தருமே மேடம் என்று ஒவ்வொரு செட்டிலும் ஒருவன் கேட்பான். தரும்தான். ஆனால் அது தந்தால் யாரோ தந்த மாதிரி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பென்சில் வைத்தால்தான் இதை யாருமே தரவில்லை என்பது உடம்புக்குப் புரியும். அந்த ஒரு நிமிஷம் வகுப்பு அமைதியாகிவிடும், சாமி கும்பிடும்போது ஆகிற மாதிரி. எத்தனை வருஷம் பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை. பணக்காரன் வீடு, குடிகாரன் வீடு, எம்.எல்.ஏ. வீடு, எருமைத் தொழுவத்துக்குப் பக்கத்து வீடு, எல்லாவற்றுக்கும் சரிசமமாக ஒரே ஒரு வாய்ப்பு. இந்த நாட்டில் வேறு எங்கே அப்படி நடக்கிறது? பந்தியில் நடக்கிறதா, கோயிலில் நடக்கிறதா? பென்சில் நுனியில் நடக்கிறது. அன்றைக்கு எல்லாம் போட்டு முடித்த பிறகு இசக்கிராஜ் எழுந்தான், அவன் எழுந்தால் ஏதோ வம்பு இருக்கும், 'மேடம், வீடு பூட்டிக் கெடந்தா பக்கத்து வீட்டப் போட்டுக்கிடலாமா?' மாற்று வீடு கிடையாது என்றேன். 'நாய் இருந்தா?' கிடையாது. 'எங்களுக்கு ஆகாதவங்க வீடா இருந்தா?' வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே, 'மாற்று வீடு கெடயாதுல. எனக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்' என்றேன். எனக்கும் ஆண்டுதோறும் ஒரு வீடு உண்டு. வாத்தியார் மட்டும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தால் பிள்ளைகள் எதையும் நம்ப மாட்டார்கள். என் பங்குக்கு ஜெபசீலி கண்ணை மூடினாள், வைத்தாள், நாற்பத்தேழு, ரிஸ்வானா பட்டியலைப் பார்த்துச் சத்தமாக வாசித்தாள், மேலத் தெரு, பச்சைக் கேட், ஆறுமுகநயினார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ தெரியவில்லை. கரும்பலகையை அழித்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

'யாரப் பாக்கணும் டீச்சர்?' எதிர் வீட்டு அம்மா. புதிதாகக் குடிவந்தவளாக இருக்க வேண்டும், எனக்குத் தெரியாத முகம், நல்லவேளை. அந்த வீட்டுக்காரங்களை என்றேன். 'டாக்டர்ட்ட போயிருக்காவ, இப்பம் வந்துருவாவ. வெயில்ல எதுக்கு நிக்கிய?' என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் தன் வீட்டுப் புங்க மர நிழலில் போட்டாள், ஒரு செம்பு தண்ணீரும் வந்தது. கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தாள். என்ன சர்வே, எதுக்கு, கடைசியில் எதிர்பார்த்தது வந்தது, 'எங்க வீட்ல எழுதிக்கிடுங்களேன். நாங்க சும்மாத்தான இருக்கோம்.' அடடா, எவ்வளவு சுலபம். கேள்விக்குப் பதில் சொல்லத் துடிக்கிற வாய், நிழல், தண்ணீர், நாற்காலி. கேள்வித்தாளில் நாற்பத்தேழுக்குப் பதில் இவள் எண்ணைப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, இசக்கிராஜுக்குக்கூடத் தெரியாது. இந்த இடத்தில்தான் பாடம் இருக்கிறது, இதைத்தான் நான் எந்தச் சூத்திரத்தையும் கரும்பலகையில் எழுதுவதற்கு முன்னால் பிள்ளைகளுக்குச் சொல்லுவேன்: திறந்திருக்கும் வீட்டில் யார் இருப்பார்கள் என்று யோசியுங்கள். ஓய்வு பெற்றவர், கைக்குழந்தைக்காரி, வேலை இல்லாதவன். பூட்டிய வீட்டில் யார்? இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடு, சித்தாள் வேலைக்குப் போனவள், ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள். பூட்டிய வீட்டையெல்லாம் தள்ளிவிட்டு அடுத்த வீட்டை எழுதிக்கொண்டே போனால் கடைசியில் கையில் கிடைக்கிற ஊரில் உழைக்கிறவனும் இருக்க மாட்டான், நோயாளியும் இருக்க மாட்டான். சொகுசான ஊர். இல்லாத ஊர். இதைச் சொல்லும்போது ரிஸ்வானாவின் பேனா அப்படியே நின்றது எனக்கு ஞாபகம் இருக்கிறது, அவள் அம்மா பீடி ஏஜென்டிடம் இலை வாங்கப் போகிறவள், எல்லாக் கணக்கெடுப்பிலும் அவர்கள் வீடு பூட்டியிருக்கும். ஒரு பெண்ணின் பேனா நிற்கிற அந்த இடத்துக்காகத்தான் இத்தனை வருஷம் சாக்பீஸ் தூள் தின்றிருக்கிறேன். 'இல்லம்மா, குறிச்ச வீட்டத்தான் எழுதணும்' என்றேன். 'எங்களுக்குச் சலுகை எதும் போயிராதே?' என்றாள். 'சலுகையெல்லாம் ஒண்ணும் இல்ல, கேள்வி மட்டுந்தான்.' அவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. உள்ளே போகப் போனவள் திரும்பி, 'அவரு இப்பல்லாம் யார்ட்டயும் பேசுறதில்ல டீச்சர், பாத்துக்கிடுங்க' என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யாரிடமும் பேசுவதில்லை. யார், நயினார் அண்ணனா? ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் நின்றுகொண்டு, கைக்குட்டை வாங்க வந்தவளிடம் கல்யாணப் புடவையை விற்று அனுப்பியவன், அவளும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு வாங்கிப் போவாள். கடைக்காரர்களே சொல்லுவார்கள், ஆறுமுகநயினார் பேசினால் சேலைக்கே தன்னைப் பற்றித் தெரியாததெல்லாம் தெரியவரும் என்று. அவன் பேசுவதில்லையா. கோபமா? கோபத்தில் பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கைவந்த கலை, அப்பா அம்மாவிடம் ஒரு கோடைக்காலம் முழுக்கப் பேசாமல் இருந்தார், காப்பியை மட்டும் வாங்கிக் குடித்தார். என் விஷயமும் அதுதானே. அவன் மகள் சுபத்ரா கல்யாணம். ஊர் முழுக்கப் போய் வெற்றிலைத் தட்டில் பத்திரிகை வைத்து அழைத்தான், பழைய முதலாளி வீடு, சம்பந்தியின் சித்தப்பா வீடு, எங்கள் தெருவில் என் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூட வந்து வைத்துவிட்டுப் போனான், நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், வேஷ்டி சலசலக்கப் போகிறான். என் வீட்டுக்கு வரவில்லை. மறுநாள் பத்திரிகை கூரியரில் வந்தது. கூரியரில்! அத்தைக்காரிக்கு! கேட்டதற்கு, கூடப்பிறந்தவளுக்கு எதுக்குத் தட்டும் தாம்பாளமும், அவள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளையே போய் அழைப்பார்களா என்றானாம். நான் போகவில்லை. எடுகோள் சோதனை என்று ஒரு பாடம் உண்டு, அதில் முதலில் எதிராளி ஒன்றும் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பெயர் இன்மை எடுகோள், சான்று போதுமான அளவு சேர்ந்தால் மட்டுமே அதைத் தள்ளலாம். ஒரே ஒரு கூரியர் உறையை வைத்துக்கொண்டு தள்ளலாமா என்று ஒரு மாணவன் கேட்டிருந்தால் உட்காருல என்றிருப்பேன். ஆனால் மரியாதை என்பது சான்றுகளை எண்ணிப் பார்த்தா வருகிறது? நான் செய்தது தப்பென்று இப்போதும் சொல்ல மாட்டேன். அவன் செய்தது சரியென்றும் யாரும் சொல்லிவிட முடியாது. அவ்வளவுதான், இரண்டு தெரு தள்ளி இரண்டு வீடு, நடுவில் காலம் போய்க்கொண்டே இருந்தது.

பிறகு ஒரு நாள் ஆசிரியர் அறையில், டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தபோது வணிகவியல் துறை சாந்தகுமாரி கேட்டாள், 'ஒங்க அண்ணனுக்குப் பக்கவாதமாமே நாயகி, இப்பம் தேவலையா?' கரண்டி கையில் இருந்தது. 'ம், இப்பம் பரவால்ல' என்றேன். எனக்குத் தெரிந்த மாதிரி. நேற்றுத்தான் பார்த்துவிட்டு வந்த மாதிரி. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள், மீதிச் சோற்றையும் தின்றேன். நோய்க்கு யாரும் பத்திரிகை வைப்பதில்லை, கேள்விப்பட்டால் ஓட வேண்டும், அது எனக்குத் தெரியாதா? மறுநாள் போகலாம் என்று நினைத்தேன். மறுநாள் ஆனபோது, ஏன் நேற்றே வரவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டது. அதற்கடுத்த நாள் அதற்கும் சேர்த்து. தள்ளிப்போடுகிற ஒவ்வொரு நாளும் முந்தைய நாட்களையெல்லாம் தூக்கிக்கொண்டு வந்து தலையில் வைத்தது. பிள்ளைகளுக்குக் குவிவு நிகழ்வெண் என்று அட்டவணை போடக் கற்றுக்கொடுக்கிறேன், ஒவ்வொரு வரிசையிலும் அதற்கு மேலே உள்ளதெல்லாம் கூடிக்கொண்டே வரும், கடைசி வரிசையில் மொத்தமும் நிற்கும். அந்தக் கடைசி வரிசையில் நின்றுகொண்டிருக்கிறேன். பென்சில் நுனி வந்து குத்தியிருக்காவிட்டால் இன்னும் எத்தனை வரிசை போயிருக்குமோ. உண்மையைச் சொல்கிறேன், ரிஸ்வானா அவன் பெயரை வாசித்தபோது பயத்துக்கு அடியில் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. என்னை யாரும் அழைக்கவில்லை, நானாகவும் போகவில்லை, எண் விழுந்திருக்கிறது. எண்ணுக்கு மானமும் கிடையாது ரோஷமும் கிடையாது. நான் யார், அவன் யார், தட்டு வந்ததா கூரியர் வந்ததா, அதற்கு ஒன்றும் தெரியாது. தெரியாதவன் தொட்டு எழுப்புகிற மாதிரி அது வந்து தொட்டது. இதற்காகவே இந்தப் பாடத்தைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடலாம்.

கொண்டாடத்தான் செய்கிறேன், என் வீட்டுக்காரர் கேலி செய்வார், ஒனக்குத் தாலி கட்டுனது நானா திட்ட விலக்கமா என்று. சூத்திரத்தை மனப்பாடம் செய்து விடையை நாலு தசம இடம் வரைக்கும் எழுதிவிட்டுப் போகிற பாடம் என்றுதான் பிள்ளைகள் முதல் நாள் வருகிறார்கள். எதன் விலக்கம், எவன் எவனிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறான் என்று கேட்டால் முழிப்பார்கள். அதனால் முதல் வாரம் சூத்திரமே கிடையாது. வகுப்பில் எல்லோரையும் சுவரோரம் உயர வரிசையில் நிற்க வைத்து, சராசரி உயரத்துக்குச் சாக்பீஸால் சுவரில் ஒரு கோடு போடச் சொல்லுவேன். போட்டுவிட்டு, இந்தக் கோட்டுக்குச் சரியாக இருக்கிற ஆள் முன்னால் வாங்க என்பேன். யாரும் வர மாட்டார்கள். ஒருவருமே அந்த உயரத்தில் இல்லை! ஜெபசீலி அப்போது கேட்டாள், 'அப்ப இந்தச் சராசரி ஆளு யாரு மேடம்?' யாருமில்லை என்றேன், நீங்கள் எல்லோரும் சேர்ந்து செய்த ஆள், தனியாகத் தேடினால் கிடைக்க மாட்டான். அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம்தான் ஒவ்வொருவரும் கோட்டிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று அளப்போம், அந்த இடைவெளிகளில்தான் மனுஷர்கள் இருக்கிறார்கள், சூத்திரம் அவர்களைத்தான் அளக்கிறது. இன்னொன்று, இதை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய் சிலிர்க்கும்: தன் விடைக்குப் பக்கத்திலேயே, நான் இவ்வளவு தூரம் தவறாக இருக்கலாம் என்று தன் பிழையையும் அளந்து எழுதி வைக்கிற பாடம் இது ஒன்றுதான். வேறு யார் அப்படிச் செய்கிறார்கள்? ஜோசியன் செய்கிறானா, மந்திரி செய்கிறாரா? எங்கள் குடும்பத்தில் செய்ததுண்டா? 'நான் சொன்னது இதுதான், இதில் இவ்வளவு பிசகு இருக்கலாம்' என்று நயினார் அண்ணனும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கூரியர் உறை கூரியர் உறையாகவே போயிருக்கும்.

செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தேன். யாரிடமும் பேசுவதில்லை என்றாளே. கேள்வித்தாளின் தலைப்பகுதியில் முடிவு என்று ஒரு கட்டம் இருக்கிறது. பதில் கிடைத்தது, வீடு பூட்டியிருந்தது, பதில் தர மறுத்தார், மூன்றில் ஒன்றை வட்டமிட வேண்டும். மறுத்தார் என்பதை வட்டமிடப் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள், அதில் உங்களுக்கு அவமானம் ஒன்றும் இல்லை, அதுவும் ஒரு தகவல்தான் என்று தட்டிக்கொடுப்பேன். இப்போது தெரிகிறது, அவமானம் இல்லாமல் எப்படி? அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டால், போ என்று கையைக் காட்டினால், நான் இந்தத் தெருவில் நின்றுகொண்டு என் கையாலேயே அதை வட்டமிட வேண்டும். என் கூடப்பிறந்தவன் மறுத்தார். ஆறுமுகநயினார் மறுத்தார். அதைத் திங்கட்கிழமை இசக்கிராஜ் தொகுப்பான், மேடத்தோட வீடு ரெஃப்யூசல் டோய் என்பான். கை பையைத் துழாவி ஃபோனை எடுத்தது. சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, அது காலையிலிருந்தே எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன். மாற்றக் கூடாதது வீட்டைத்தான். கேள்வி கேட்கிற ஆளை மாற்றலாம். சொந்தக்காரர் வீடு என்றால் மாற்றுவதுதான் முறையும்கூட, நானே எழுதிக் கொடுத்த குறிப்பில் இருக்கிறது. வேறு ஒரு பிள்ளை வந்து கேட்டுவிட்டுப் போகலாம், பதிலும் சுத்தமாகக் கிடைக்கும், என் மானமும் பிழைக்கும், அண்ணனுக்கு நான் இங்கே வந்து உட்கார்ந்திருந்ததே தெரியாது. எவ்வளவு சுத்தமான வழி, எவ்வளவு கோழைத்தனமான வழி. எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் கையில் அதிர்ந்தது. இசக்கிராஜ்தான். 'மேடம், என் வீடு முடிஞ்சிட்டு, அல்வா குடுத்தாவ. ஒங்க வீடு பூட்டியிருக்குன்னு அந்தப் பக்கமா வந்த ரிஸ்வானா சொன்னா. நீங்க போங்க மேடம், நான் வந்து நின்னு முடிச்சிட்டு வாரேன்.' இந்தப் பயல் நல்ல பயல். வெயிலில் மேடம் நிற்கக் கூடாது என்று நினைக்கிற பயல். சரி என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. 'வேண்டாம்ல' என்றேன். 'ஏன் மேடம்?' 'அது எங்க அண்ணன் வீடு.' அவன் மெல்ல, 'சரி மேடம்' என்றான். இத்தனை காலமாக யாரிடமும் சொல்லாததை ஒரு அரட்டைப் பையனிடம் சொல்லிவிட்டேன். அழுகை வந்தது, எதிர் வீட்டு அம்மா பார்த்துவிடுவாளோ என்று செம்பைத் தூக்கிக் குடித்தேன், செம்பில் தண்ணீர் தீர்ந்திருந்தது.

ஆட்டோ வந்து நிற்கிறது. முதலில் மதினி இறங்குகிறாள், செண்பகவல்லி மதினி, தலை முழுக்க வெள்ளை, எப்போது இப்படி வெளுத்தது. டிரைவர் இறங்கி வந்து மறுபக்கம் கை கொடுக்கிறான். அண்ணன் வெளியே வருகிறான், முதலில் ஒரு கால், அதற்குப் பிறகு வெகுநேரம் எதுவும் இல்லை, பிறகு இன்னொரு காலை மதினி குனிந்து எடுத்து வைக்கிறாள். நான் நாற்காலியை விட்டு எழுந்து தெருவைத் தாண்டியது எனக்கு நினைவில்லை. மதினி நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தை, கழுத்திலிருந்த அடையாள அட்டையை, கையிலிருந்த தாளை. 'இப்பந்தான் வழி தெரிஞ்சிதாக்கும்' என்றாள். 'காலேஜ் சர்வே மதினி. இந்த வீடு விழுந்திருக்கு' என்றேன். சொன்னபோது அது எவ்வளவு கேவலமாகக் கேட்டது! 'ஓ, சர்வேக்கா' என்றாள் மதினி. அண்ணன் என்னைப் பார்த்தான். முகத்தில் ஒரு பாதி பார்த்தது, மறு பாதி சும்மா இருந்தது. வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மறுபடி மூடிக்கொண்டான். கோபம் இல்லை, நான் பயந்துகொண்டிருந்தது எதுவுமே இல்லை, வார்த்தை வரவில்லை, அவ்வளவுதான், அடப்பாவி அண்ணா, உனக்கா வார்த்தை வரவில்லை! 'என்ன வேணும்னு கேக்காவ. உள்ள வாங்கன்னு சொல்லுதாவ' என்று மதினி அவனுக்காகப் பேசினாள், அவன் தலையை ஆட்டினான், ஆமாம் என்றா இல்லை என்றா தெரியவில்லை. நல்ல கைப்பக்கமாக நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். என் விரலை இறுக்கினான், வலித்தது, விடவில்லை.

உள்ளே மின்விசிறி சுற்றுகிறது. அண்ணன் நாற்காலியில், நான் எதிரே முக்காலியில், மதினி அவன் தோளுக்குப் பின்னால். காப்பி போடப் போன மதினியை நான்தான், முதல்ல இத முடிச்சிருதேன் மதினி என்று நிறுத்தினேன், காப்பி வந்தால் நான் உடைந்துவிடுவேன், கையில் கேள்வித்தாள் இருக்கிற வரைக்கும் தாக்குப்பிடிப்பேன் என்று பட்டது. முதல் கேள்வி. 'இந்த வீட்ல இப்பம் எத்தன பேரு இருக்கிய?' அண்ணன் வாயைத் திறக்கிறான். 'ரெண்டு பேருதான், எழுதிக்கோ' என்றாள் மதினி. அவன் மூடிக்கொண்டான். எவ்வளவு பழகியிருந்தால் அப்படி உடனே மூடிக்கொள்வான். 'மதினி, நீங்க சொல்லக்கூடாது' என்றேன். அவளுக்குச் சுருக்கென்றது. 'அவுகளால முடியாது நாயகி. டாக்டரு பேசச் சொல்லிப் பழக்குங்கன்னுதான் சொல்லுதாரு. பாத்துக்கிட்டு இருக்க முடியல, நானே சொல்லிருதேன்.' 'பதிலு சொல்லுதவரு யாருன்னு போட்ட கட்டத்துல அவன் பேர எழுதிட்டேன் மதினி. எழுதுனா அவனேதான் சொல்லணும். நாம எடுத்துக் குடுக்கக்கூடாது, தலையக்கூட ஆட்டக்கூடாது. அப்படித்தான் பாடம்.' பாடம் என்றதும் அண்ணனின் நல்ல பாதி லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. நான் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு அவன் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்தேன். மின்விசிறி சுற்றுகிறது. மதினியின் உதடு தானாகவே ரெண்டு, ரெண்டு என்று அசைகிறது, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் தொண்டையில் என்னவோ ஏறி ஏறி இறங்குகிறது. எத்தனையோ வீட்டில் எத்தனையோ பேர் முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன், ஒரு எண்ணுக்காக இப்படிக் காத்திருந்ததில்லை. 'ரெ' என்றான். நான் தலையாட்டவில்லை. 'ரெ... ரெண்டு.' மதினி சத்தமில்லாமல் சுவரில் சாய்ந்தாள். நான் இரண்டு என்று எழுதினேன். கண்ணில் நீர் முட்டி அந்தக் கட்டம் தெரியவில்லை, குத்துமதிப்பாகத்தான் எழுதினேன்.

'அடுத்த கேள்வி. குடிக்க எந்தத் தண்ணி?' தாளில் மூன்றுதான் இருக்கிறது, குழாய், கிணறு, கேன். குழாய் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. சின்ன வார்த்தை, அவனுக்கும் சிரமம் இல்லை, எனக்கும் வட்டம் போடச் சுலபம். அண்ணன் என்னைப் பார்க்கிறான். அந்தக் கண்ணை எனக்குத் தெரியும், கைக்குட்டை கேட்டு வந்தவளுக்கு முன்னால் பட்டை உதறி விரிக்கப் போகிறபோது வருகிற கண். மூச்சை இழுக்கிறான். 'தா' என்கிறான். மதினி ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொள்கிறாள். 'தா... மி' என்கிறான். தாமிரபரணியாம்! இந்த மனுஷனுக்குக் கொழுப்பு இன்னும் குறையவில்லை. கைவசம் இருக்கிற வார்த்தைகளிலேயே நீளமானதைத் தேடி எடுத்துக்கொண்டு, நெற்றி வேர்க்க, பாதி வாயோடு அதைத் தூக்க ஆரம்பித்திருக்கிறான். நான் பேனாவைத் தாளில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவன் 'ர'வுக்கு முயன்றுகொண்டிருக்கிறான். கேள்விகள் இன்னும் நிறைய இருக்கின்றன.